தண்ணீருக்குள் அரைக்கால் இஞ்ச்

கடைத்தெருவில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: அபாயச் சங்கு. நேருக்கு நேர் யாரும் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். பக்கத்துப் பிரிண்ட் கடைக்காரர் மத்தியானம் ரொட்டியைக் கருக்கிய அன்று தீயணைப்பு வண்டியை வரவழைத்தவள் அவள். மின்விசிறி ஒரு மாதிரி ஆடுகிறதென்று, சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்த பெரியவரைத் தூக்கிய கை தூக்கியபடியே வாசலுக்கு நகர்த்தியவளும் அவள்தான். மின்விசிறி இன்றுவரை விழவில்லை. அதற்காக அவள் அதன் கீழே உட்கார்ந்து பட்டன் துளைக்குக் காஜா எடுப்பாளா என்றால், மாட்டாள்.

அவள் கணவரைத் தெருவே மாஸ்டர் என்று கூப்பிடும். துணி வெட்டுவதும் தைப்பதும் மாஸ்டர். பட்டன் கட்டுவது, கீழ்மடிப்பு அடிப்பது, பழையதைப் பிரித்துச் சரிசெய்வது, கடைசியில் இஸ்திரி போட்டு மடிப்பை நிற்கவைப்பது எல்லாம் அவள். இருபத்தெட்டு வருடமாக இதே ஏற்பாடு. கடை பத்தடிக்குப் பதினாலு. நடுவில் வெட்டு மேசை, சுவரோரம் இரண்டு மெஷின், மூலையில் திரை, திரைக்கு எதிரே ஆளுயரக் கண்ணாடி. கடையின் பின்சுவருக்கு நாலு எட்டு தள்ளி ஊர்த் தண்ணீர்த் தொட்டி. ஒற்றைத் தூணின் மேல், ஏழு மாடி உயரத்தில், யாரோ மறந்துபோய் வைத்துவிட்டுப் போன பாத்திரம் மாதிரி உட்கார்ந்திருக்கும். "தொட்டிக்குக் கீழே" என்று சொன்னால் தபால்காரருக்குக்கூட மேலே எதுவும் சொல்ல வேண்டாம்.

கடைக்கு முன்னால் சாலை, சாலையைத் தாண்டிக் குளம், குளத்தின் அக்கரையில் அவர்கள் குடியிருக்கும் வீடு. தினமும் காலையில் அவள் குளத்தைச் சுற்றி நடந்துதான் கடைக்கு வருவாள். அந்த நடையில்தான் படம் எடுக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

மகள் வேலைக்காகக் கடல் தாண்டிப் போனபோது ஒரு நிபந்தனை போட்டாள். "அம்மா, நீ அங்க உக்காந்து எனக்காகக் கவலைப்படுவ, நான் இங்க உக்காந்து உனக்காகக் கவலைப்படுவேன். தினம் காலைல ஒரு படம் அனுப்பு. படம் வந்தா நீ நல்லாருக்கேன்னு அர்த்தம்." முதல் வாரம் தன் முகத்தையே எடுத்து அனுப்பினாள். ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒரு நோய் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே என்ன கறுப்பு, கழுத்தில் என்ன வீக்கம் என்று தன் முகத்தைத் தானே பெரிதாக்கிப் பார்த்து மூன்று இரவு தூங்காமல் கிடந்தபின், முகத்தை விட்டுவிட்டுக் குளத்தைப் பிடித்தாள்.

குளத்திலும் கரையை விட்டுவிட்டுத் தண்ணீரை எடுத்தாள். அதற்கு அவளிடம் காரணம் இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை. தண்ணீரில் தெரியும் மரம் யார் தலையிலும் விழாது. தண்ணீரில் தெரியும் மேகம் யார் துணியையும் நனைக்காது. உலகத்தில் உள்ள அத்தனையும் அங்கேயும் இருந்தது, ஆபத்து மட்டும் இல்லாமல்.

போகப் போகக் கை தேர்ந்தது. போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தண்ணீருக்குப் பக்கத்தில் இறங்கும், நிழல் முழுசாக விழும் என்பதைத் தானாகவே கண்டுபிடித்தாள். வாத்துகள் இறங்குவதற்கு முன்னால் கால் மணி நேரம்தான் தண்ணீர் அசையாமல் கிடக்கும் என்பது தெரிந்தது. கடைப் பக்கத்துக் கரை மரங்கள், நடுவில் சில நாள் ஒற்றைக்காலில் ஒரு கொக்கு, மரங்களுக்கு மேலே, வேண்டாம் என்றாலும் படத்துக்குள் வந்துவிடும் தொட்டி. அதுவும் நல்லதற்குத்தான் என்று இருந்தாள். குளக்கரையில் ஒரு மரமாவது ஒழுங்காக நிற்கிறதா? அத்தனையும் கோணல். நேரான பொருள் என்று அங்கே இருப்பது தொட்டியின் தூண் ஒன்றுதான். எடுத்த படத்தைத் தூணை வைத்துத்தான் அவள் நிமிர்த்துவாள். போனில் அதற்கென்று ஒரு கோடும் எண்ணும் வரும். தள்ளித் தள்ளித் தூண் செங்குத்தாக நின்றதும் மகளுக்கு அனுப்பிவிட்டு, இடம் அடைக்கிறதென்று தன் போனில் இருப்பதை அழித்துவிடுவாள். இப்படி மூன்று வருடம்.

கடைசி ஒரு வருடமாக அந்த எண் அவளைத் தின்றுகொண்டிருந்தது. முன்பெல்லாம் ஒரு நாள் இந்தப் பக்கம் தள்ள வேண்டியிருக்கும், ஒரு நாள் அந்தப் பக்கம். இப்போது எப்போதும் ஒரே பக்கம். அதுவும் முதலில் அரை டிகிரி, பிறகு முக்கால், இப்போது ஒன்று. கை இழுக்கிறது என்று முடிவுகட்டினாள். கை இழுத்தால் நரம்பு. நரம்பு என்றால் மூளை. மாஸ்டரிடம் சொல்லவில்லை, மகளிடம் மூச்சுவிடவில்லை. திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு மணிக்கட்டை முப்பது தடவை சுழற்றுவாள். ஊசியில் நூல் கோத்துப் பார்ப்பாள். நூல் ஒரே தடவையில் நுழைந்துவிடும். அப்போதும் நம்பிக்கை வராது.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் மகள் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி அனுப்பினாள். அம்மா அழித்ததையெல்லாம் அவள் தேதிவாரியாகச் சேர்த்து வைத்திருந்தாள். "அம்மா, இது மூணு வருஷத்துக்கு முன்னாடி, இது நேத்து. உன் கொக்கு அதே இடத்துல அதே கால்ல நிக்குது பாரேன். கால் மாத்தவே இல்லையோ!"

அவள் சிரித்தாள். சிரித்தபடியே பார்த்தவள் சிரிப்பை நிறுத்தினாள்.

பழைய படத்தில் மரங்கள் ஆளுக்கொரு பக்கம் கோணி நின்றன. நேற்றைய படத்தில் அதே கோணல்தான். ஆனால் எல்லா மரமும் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருந்தது. கரைக்கோடு சாய்ந்திருந்தது. கொக்குகூடச் சாய்ந்திருந்தது. தொட்டி மட்டும் குண்டூசி குத்தினாற்போல் நேராக நின்றது. எல்லா மரமும் ஒரே பக்கம் சாயுமானால், சாய்ந்தது மரம் இல்லை.

பையிலிருந்த ஸ்கேலை எடுத்துப் போன் திரையில் தூணின் விளிம்போடு வைத்தாள். மேலே பொருந்தியது. ஸ்கேலின் கீழ்ப்பாதி தண்ணீருக்குள் இறங்கியது. அங்கே தண்ணீரில் தெரிந்த தூண் ஸ்கேலோடு வரவில்லை. விலகிப் போயிற்று. பழைய படத்தில் வைத்துப் பார்த்தாள். மேலே தூண், கீழே தூண், ஒரே கோடு.

'கை நல்லாத்தான் இருக்கு' என்று முதலில் ஒரு ஆறுதல் வந்தது. அது ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. தொட்டி சாய்ந்தால் அதன் கீழே என்ன இருக்கிறது? பத்தடிக்குப் பதினாலு கடை. கடைக்குள் மாஸ்டர்.

அன்று கடைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. பிரிண்ட் கடையில் இரண்டு படங்களையும் பெரிதாகப் போட்டு வாங்கினாள். "என்னக்கா, கண்காட்சியா?" என்றார் பிரிண்ட் கடைக்காரர். படங்களைச் சுருட்டிக்கொண்டு மாஸ்டரின் முன்னால் போய் நின்றாள்.

"என்னங்க, கத்தரியக் கீழ வைங்க."

"ஏன், கத்தரி விழப்போகுதா?"

"தொட்டி விழப்போகுது."

மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "எத்தன மணிக்கு? மூணு மணிக்கு ஒருத்தர் கோட்டு வாங்க வராரு."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரே மூச்சில், பின்னதை முன்னே முன்னதைப் பின்னே போட்டுச் சொன்னாள். மாஸ்டர் கெட்டவர் இல்லை. காது கொடுத்துக் கேட்டார். படத்தை வாங்கி மேசையில் விரித்தார். ஒரு சட்டையின் இரண்டு பாதியும் சரியா என்று எப்படிப் பார்ப்பாரோ அப்படியே, கரைக்கோட்டில் படத்தை இரண்டாக மடித்தார். நகத்தால் மடிப்பைத் தேய்த்தார். ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"வா, வந்து பாரு. மேல் தொட்டி மேல கீழ் தொட்டி. அச்சாப் பொருந்துது. நூல் பிசகல. சாஞ்சிருந்தா இப்படி உக்காருமா?"

அவள் பார்த்தாள். பொருந்தித்தான் இருந்தது. இருபத்தெட்டு வருடமாகக் காலரையும் கைகளையும் இப்படி மடித்துப் பார்த்துத்தான் அவர்கள் தொழில் செய்கிறார்கள். இந்தச் சோதனையில் தோற்ற துணியை அவளே எத்தனை தடவை பிரித்துக் கொடுத்திருக்கிறாள்! அதற்கு மேல் என்ன பேச?

"சங்க மூட்ட கட்டி வை," என்றார் மாஸ்டர், கேலியும் பாசமுமாக. "அந்தத் தொட்டி நமக்கு முன்னாடி வந்தது, நமக்குப் பின்னாடிதான் போகும்."

நாலு நாள் அவள் சங்கை மூட்டை கட்டி வைத்திருந்தாள். ஐந்தாம் நாள் மாஸ்டர், தான் தைத்த கோட்டைத் தானே மாட்டிக்கொண்டு ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்றார். வருடக்கணக்காகக் கத்தரி பிடித்து அவருக்கு வலது தோள் இரண்டு விரல் இறங்கியிருக்கும். கண்ணாடிக்குள் இருந்தவருக்கும் அதே பக்கம் இரண்டு விரல் இறங்கியிருந்தது.

அவள் கையில் இருந்த இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றுவிட்டது. இவர் சாய்ந்தால் அவரும் சாய்வார். இரண்டு பேரையும் மடித்தால் பொருந்தத்தானே செய்வார்கள்? தண்ணீரும் அப்படித்தான். மேலே இருப்பது எப்படிக் கோணினாலும் கீழே இருப்பதும் கூடவே கோணிக்கொடுக்கும். பொருந்துகிறது என்பதால் நேராக இருக்கிறது என்று ஆகிவிடாது. அவர்கள் இரண்டு பேரும் மடிக்கக் கூடாத இடத்தில் மடித்துவிட்டார்கள்.

"என்னமோ கருகற வாசன வருதே," என்றார் மாஸ்டர் கண்ணாடிக்குள்ளிருந்து.

அவள்தான். இஸ்திரிப் பெட்டியின் கீழே தண்ணீர் வாரிய இன்ஜினியரின் பேண்ட் இருந்தது. இடுப்பில் ஒரு இஞ்ச் பிரித்துவிடச் சொல்லிக் கொடுத்தது. நல்ல வேளை, மேலே போட்டிருந்த ஈரத்துணி மட்டும் பழுப்பேறியிருந்தது, பேண்ட் தப்பித்தது. அவள் அந்தப் பேண்டைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து கீழ்மடிப்பு வரை ஒரே கோடாக ஓடும் மடிப்பைப் பார்த்தாள்.

அன்றே மகளிடம் கேட்டு, காற்றில்லாத நாட்களின் படங்கள் பதினொன்றைத் தேதியோடு பிரிண்ட் எடுத்தாள். இந்தத் தடவை கரைக்கோட்டில் மடிக்கவில்லை. நீளவாக்கில், தூணின் விளிம்பிலேயே மடிப்பு ஓடும்படி, பேண்ட் மடிப்பதுபோல் மடித்தாள். பழைய படங்களில் மடிப்பு மேல்தூண் வழியே இறங்கித் தண்ணீர்த்தூண் வழியே அடிவரை போனது. புதிய படங்களில் கரை வரை ஒழுங்காக வந்த தூண், தண்ணீருக்குள் மடிப்பை விட்டு விலகியது. இஞ்ச் டேப்பை வைத்தாள். அடியில் ஒரு இஞ்ச்சில் எட்டில் ஒரு பங்கு. அரைக்கால் இஞ்ச். தோளில் அந்த அளவு பிசகினால் மாஸ்டர் சட்டையைப் பிரிக்கச் சொல்லி அவளிடம் எறிவார்.

மறுநாள் இன்ஜினியர் வந்தார். அவருடைய பேண்டை அவள் மேசையில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"சார், பேண்ட் ரெடி. ஆனா முதல்ல இத பாக்கணும்."

"என்னம்மா, நகை அடகு மாதிரி பிடிச்சு வெச்சிருக்கீங்க?"

மாஸ்டருக்கு முகம் சுண்டிவிட்டது. "சார், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. அவளுக்கு இது ஒரு..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க." இருபத்தெட்டு வருடத்தில் வாடிக்கையாளர் முன்னால் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மாஸ்டர் ஒரு எட்டு பின்னால் நகர்ந்துகொண்டார்.

அவள் படங்களை வரிசையாக அடுக்கினாள். இன்ஜினியர் முதலில் சிரித்தார். "தண்ணி நெளியும்மா. தண்ணியில தெரியறத வெச்சு ஒரு கட்டடத்த எடை போட முடியுமா?"

"நெளிஞ்ச நாள் படம் எதுவும் இதுல இல்ல சார். எல்லாம் காத்தே இல்லாத நாள்." பேண்டின் ஒரு காலை எடுத்து மேசையில் நீட்டினாள். "இந்த மடிப்பு நேரா வருதா? இப்ப முட்டியில லேசா மடக்கறேன். மேல் பாதி நேராத்தான் இருக்கு, கீழ் பாதியும் நேராத்தான் இருக்கு. சேர்ற எடத்துல ஒடியுது. தூண் நேரா நின்னா தண்ணிக்குள்ளயும் அதே கோடு போகணும். இங்க ஒடியுது பாருங்க. என் கை சாஞ்சா ரெண்டும் சேந்துதானே சாயும்? கரையில மட்டும் எப்படி ஒடியும்?"

இன்ஜினியர் குனிந்தார். ஒரு படத்தை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். பிறகு இன்னொன்றை. சிரிப்பு எப்போது போனது என்று அவள் கவனிக்கவில்லை, போயிருந்தது.

"எந்த மாசத்துலேருந்து விலகுது?"

அவள் ஐந்தாவது படத்தின் மேல் விரலை வைத்தாள். தேதி கீழேயே இருந்தது.

அவர் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் குழாய் பதிக்கத் தொட்டியின் அடியை ஒட்டிப் பள்ளம் தோண்டிய மாதம் அது. கடைக்கு முன்னால் தூசி பறக்கிறதென்று மாஸ்டர் சண்டை போட்ட மாதம். அந்த வேலைக்குக் குடை பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தவர் இதே இன்ஜினியர்தான். அது மூன்று பேருக்கும் நினைவிருந்தது. மூன்று பேருமே அதைச் சொல்லவில்லை.

"வரேன்," என்று எழுந்தவர் பேண்டை எடுக்காமல் போனார்.

"பாத்தியா, பேண்டையே வேண்டாம்னுட்டாரு," என்றார் மாஸ்டர். ஆனால் குரலில் வழக்கமான எக்களிப்பு இல்லை. கத்தரியை எடுத்தவர் வெட்டாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார். பின்சுவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஒரு மணி நேரம் கழித்து இன்ஜினியர் இரண்டு ஆட்களோடு வந்தார். குளத்தின் ஓரம் முக்காலி நட்டு, அதன்மேல் சாய்வு அளக்கும் கருவியைப் பொருத்தி, கண்ணை வைத்துப் பார்த்தார். எழுதினார். இடம் மாறிப் பார்த்தார். மறுபடி எழுதினார். கடை வாசலில் நின்று அவள் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று அவள் வாழ்நாளில் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. தெரு முழுக்கச் சிரிக்கட்டும். சங்கு என்று முகத்துக்கு நேரே கூப்பிடட்டும்.

இன்ஜினியர் சாலையைத் தாண்டி வந்தார். அவளைப் பார்க்காமல் மாஸ்டரிடம் பேசினார்.

"மாஸ்டர், எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு வெளிய வாங்க. இப்பவே. பக்கத்துக் கடையிலயும் சொல்லுங்க. தொட்டியக் காலி பண்ணணும், சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் இந்தப் பக்கம் யாரும் நிக்கக் கூடாது."

"அவ்ளோ மோசமா சார்?"

"நான் தண்ணி வாரியம் மாஸ்டர். பேண்ட் விஷயத்துல நான் உங்கள நம்பறேன் இல்ல?"

கடைகளிலிருந்து ஆட்கள் இறங்கிக் குளத்தைச் சுற்றி அக்கரைக்குப் போனார்கள். பிரிண்ட் கடைக்காரர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். தொட்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் சாக்கடைக்குள் பீய்ச்சிக்கொண்டு ஓடும் சத்தம் அக்கரை வரை கேட்டது. அவள் ஆட்களை எண்ணினாள். மருந்துக் கடை, பிரிண்ட் கடை, சலவைக் கடை. மறுபடி எண்ணினாள்.

"அவரு எங்க?"

"இங்கதான்க்கா இருந்தாரு. கத்தரிய விட்டுட்டேன், ஒரு நிமிஷம்னாரு," என்றார் பிரிண்ட் கடைக்காரர்.

வாழ்நாளெல்லாம் ஒன்றுமில்லாததற்கு ஊதின சங்கு, ஊத வேண்டிய நேரத்தில் அடைத்துக்கொண்டது. கடைக்கு ஓடினால் அரைக் குளம் சுற்ற வேண்டும். தொட்டியை நிமிர்ந்து பார்க்கக் கண் வரவில்லை. பார்த்தால் அந்தப் பார்வையே அதைத் தள்ளிவிடும் போலிருந்தது. அவள் தலையைக் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள்.

வாத்துகள் எப்போதோ கலைந்து போயிருந்தன. காற்றில்லை. மரங்கள், சாலை, கடைகளின் வரிசை, எல்லாம் தலைகீழாக அங்கே இருந்தன. ஒடிந்த தூணும் இருந்தது. தையல் கடையின் வாசல் ஒரு கறுப்புக் கட்டமாக இருந்தது. அவள் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீரில் தெரிவது யார் தலையிலும் விழாது என்று மூன்று வருடமாக நம்பியிருந்தவளுக்கு, மேலே ஒன்று விழுந்தால் கீழேயும் விழும் என்பது அப்போதுதான் உறைத்தது.

கட்டத்துக்குள் ஒரு அசைவு. தலைகீழாக ஒரு ஆள். வலது தோள் இரண்டு விரல் இறங்கிய ஆள். அக்குளில் கத்தரி, கையில் ஏதோ துணி. சாலையைத் தாண்டினார். நிதானமாகத்தான் நடந்தார், ஓடினால் மரியாதை போய்விடும் என்பதுபோல். கரையோரம் வந்ததும் அவளைத் தேடிக் கையை ஆட்டினார்.

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, தன்னை அறியாமல் போனைத் தலைகீழாகத் திருப்பி, தண்ணீருக்குள் கையாட்டிக்கொண்டிருந்த மனிதரை எடுத்தாள். அன்றைக்கு இன்னும் படம் அனுப்பியிருக்கவில்லை, அதை அப்படியே மகளுக்கு அனுப்பினாள்.

மாஸ்டர் குளத்தைச் சுற்றி வந்து சேர்ந்தபோது அவள் அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தாள். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கையில் இருந்த துணியை நீட்டினார். இன்ஜினியரின் பேண்ட்.

"வந்த வேலைய முடிக்க வேணாமா?" என்றார். பிறகு தொட்டியைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில், "நான் மடிச்ச எடம் தப்பு," என்றார்.

போன் அதிர்ந்தது. மகள். "அம்மா, இன்னிக்கு ஏன் இவ்ளோ லேட்டு? நான் பயந்தே போயிட்டேன். படம் வேற சாஞ்சிருக்கே, நிமிர்த்தலையா?"

அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

"நிமிர்த்தல. தொட்டி சாஞ்சுதான் இருக்கு. அப்பா என் பக்கத்துல இருக்காரு."